வீட்டிலிருந்து வேலை, கிளவுட் வழிப் பாதுகாப்பு: குமரி மாவட்ட நிறுவனங்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் செய்யும் நிறுவனங்கள், மார்த்தாண்டத்தில் ஆடிட்டர் அலுவலகங்கள், குளச்சல் பக்கம் மீன் ஏற்றுமதியாளர்கள், முந்திரி ஆலைகள் என்று நம் மாவட்டத்தில் கணினியை நம்பி நடக்கும் தொழில்கள் பெருகிவிட்டன. அவற்றில் வேலை செய்பவர்களில் கணிசமானோர் வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறார்கள். ‘கிளவுட் செக்யூரிட்டி வாங்குங்கள்’ என்று விற்பனையாளர்கள் போன் செய்கிறார்கள். வாங்குவதற்கு முன் யார், எந்தக் கணினியிலிருந்து, எதற்குள் நுழைகிறார் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் வாங்கும் எந்தச் சேவையும் வீண் செலவு. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

கிளவுட் வழி நெட்வொர்க் பாதுகாப்பு என்றால் சரியாக என்ன?

இத்தனை காலம் பாதுகாப்புக் கருவி அலுவலகத்திலேயே இருந்தது. இணைய இணைப்பு உள்ளே வரும் இடத்தில் ஒரு ஃபயர்வால் பெட்டியை வைத்தோம். அதற்கு உள்ளே இருப்பவர் நம்மவர், வெளியே இருப்பவர் அந்நியர் என்று கணக்கு. இப்போது ஊழியர் தக்கலையில் தன் வீட்டில் இருக்கிறார். கோப்புகள் கூகுள் டிரைவிலோ மைக்ரோசாஃப்ட் 365-இலோ இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நடக்கும் போக்குவரத்து உங்கள் அலுவலகப் பெட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

எனவே அந்தச் சோதனையைச் சேவை நிறுவனம் தன் டேட்டா சென்டர்களில் நடத்துகிறது. ஊழியரின் கணினியில் ஒரு சிறு மென்பொருள் இருக்கும். கணினியின் போக்குவரத்து முதலில் அருகிலுள்ள மையத்துக்குப் போகும். கேட்பவர் யார், எந்தக் கணினி, எதைத் திறக்கப் பார்க்கிறார் என்று அங்கே சரிபார்த்த பிறகே அனுமதி கிடைக்கும்.

2019-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்கு ‘சாசி’ என்று பெயர் சூட்டியது. கிளைகளை இணைப்பது, இணையதளங்களை வடிகட்டுவது, கிளவுட் செயலிகளைக் கண்காணிப்பது, ஃபயர்வாலைச் சேவையாகத் தருவது, ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக நுழைவு அனுமதி தருவது என ஐந்து வேலைகளை அது ஒன்றாகச் சேர்க்கிறது. ஒரே அலுவலகமும் இருபது முப்பது ஊழியர்களும் உள்ள நிறுவனத்துக்குக் கடைசியாகச் சொன்னதும் இணையதள வடிகட்டலும் போதும். கிளைகளே இல்லாதவருக்குக் கிளைகளை இணைக்கும் வசதியை விற்க வந்தால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

‘ஜீரோ டிரஸ்ட்’ என்கிறார்களே, என் ஊழியர்களை நான் நம்பக் கூடாதா?

ஊழியரின் நேர்மைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அலுவலக நெட்வொர்க்குக்குள் இருக்கிறார் என்பதற்காக மட்டும் யாரையும் அனுமதிக்கக் கூடாது என்பதே இதன் பொருள். ஃபாரஸ்டர் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் 2010-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். கூகுள் 2009-இல் தன் மீது நடந்த பெரிய ஊடுருவலுக்குப் பிறகு தன் ஊழியர்களுக்கு விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் மறையாக்கப்பட்ட இணைப்பு) தேவைப்படாத ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020 ஆகஸ்டில் இதற்கான வழிகாட்டு ஆவணத்தை வெளியிட்டது. உங்களிடம் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கும் நம்பிக்கையான ஊழியரின் பாஸ்வேர்டு திருட்டுப் போனால், அந்தத் திருடன் அவர் பெயரில்தான் உள்ளே வருவான். அவனைத் தடுப்பது அந்த ஊழியருக்கும் பாதுகாப்பு.

எங்களிடம் ஏற்கெனவே விபிஎன் இருக்கிறது. அது போதாதா?

சிலருக்கு இன்னும் சில காலம் போதும். ஆனால் அதில் இரண்டு குறைகள் இருக்கின்றன. முதலாவது, வழக்கமான விபிஎன் ஒருவரை அனுமதித்துவிட்டால் முழு நெட்வொர்க்கையும் திறந்துவிடுகிறது. கணக்கு எழுத வந்தவருக்கு சிசிடிவி ரெக்கார்டரும் சம்பளக் கோப்பு இருக்கும் கணினியும் தெரிகின்றன. அவர் பெயரில் நுழைபவனுக்கும் அப்படியே தெரியும். 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் தாக்குதலால் முடங்கியது. பயன்பாட்டில் இல்லாத, ஆனால் நீக்கப்படாமல் விட்டுவைத்திருந்த ஒரு விபிஎன் கணக்கு வழியாகத் தாக்குபவர்கள் உள்ளே வந்திருந்தார்கள். அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கிடையாது. பாஸ்வேர்டு ஒன்றே போதுமாக இருந்தது. நிறுவனம் 75 பிட்காயின் கப்பம் கட்டியது.

இரண்டாவது, விபிஎன் பெட்டி எப்போதும் இணையத்தைப் பார்த்தபடி நிற்கிறது. அதன் மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் உலகமே அதைத் தட்டிப் பார்க்கும். 2024 தொடக்கத்தில் இவான்டி நிறுவனத்தின் விபிஎன் கருவிகளில் அப்படி ஓட்டைகள் வெளிப்பட்டபோது, அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமை அரசுத் துறைகளிடம் 48 மணி நேரத்துக்குள் அந்தக் கருவிகளை இணைப்பிலிருந்து துண்டிக்கச் சொன்னது. முழுநேர வல்லுநர்கள் இருக்கும் இடத்திலேயே அந்த நிலை. நம் ஊரில் ஃபயர்வாலை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனவர் மறுபடி வந்து அப்டேட் செய்த நிறுவனங்கள் எத்தனை இருக்கும்?

எங்களுடையது ஆடிட்டர் அலுவலகம். அலுவலகக் கணினியில் டாலி ஓடுகிறது. ரூட்டரில் ‘போர்ட்’ (எண்ணிட்ட இணைய வாசல்) ஒன்றைத் திறந்து, வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் (அலுவலகக் கணினியின் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் வசதி) வேலை செய்கிறோம். இரண்டு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

இன்றே மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டில் இயங்குகிறது. அதை ரூட்டரில் திறந்துவிட்டால் உங்கள் கணினியின் உள்நுழைவுத் திரை உலகில் யாருக்கும் தெரியும். ‘எங்கள் சின்ன அலுவலகத்தை யார் தேடி வரப்போகிறார்கள்’ என்று கேட்பீர்கள். யாரும் பெயர் பார்த்துத் தேடுவதில்லை. இணைய இணைப்புகளை அடையாளம் காட்டும் எண்களான பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஜீமேப் என்ற கருவி, அவை அனைத்தையும் முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்க முடியும் என்று காட்டியது. தாக்குபவர்களிடம் அத்தகைய கருவிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

நீங்களே பார்க்கலாம். அந்தக் கணினியில் ஈவண்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி என்ற பகுதிக்குப் போங்கள். 4625 என்ற எண்ணைத் தேடுங்கள். அது தோல்வியடைந்த உள்நுழைவு முயற்சியின் எண். திறந்த போர்ட் உள்ள கணினியில் அந்த வரி நிமிடத்துக்கு நிமிடம் அடுக்கடுக்காக நிற்கும். நடுராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’, ‘அட்மின்’, ‘டெஸ்ட்’ என்று வெவ்வேறு பெயர்களில் யாரோ முயன்றிருப்பார்கள். இரண்டு வருடமாகத் தொல்லை இல்லை என்பதன் பொருள், சரியான பாஸ்வேர்டை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது மட்டுமே. போர்ட் எண்ணை 3390 என்று மாற்றிவைப்பது தீர்வு ஆகாது. ஒரே கணினியில் பலர் நுழைவதற்காக விண்டோஸ் கோப்பையே மாற்றிவைத்திருக்கிறார்கள் என்றால் ஆபத்தும் கூடுகிறது, உரிம விதியும் மீறப்படுகிறது.

மாற்று வழி எளிது. அலுவலகக் கணினியில் ‘கனெக்டர்’ என்ற சிறு மென்பொருளை நிறுவ வேண்டும். அது உள்ளிருந்து வெளியே, சேவை நிறுவனத்தின் மையத்துக்கு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு ரூட்டரில் எந்த வழியும் திறக்க வேண்டியதில்லை. ஊழியர் தன் அலுவலக மின்னஞ்சலாலும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பாலும் தன்னை நிரூபித்த பிறகு அந்த ஒரு கணினி மட்டும் அவருக்குத் தெரியும். நிலையான ஐபி முகவரியும் தேவைப்படாது. அதற்காக மாதாமாதம் கட்டும் தொகை மிச்சம். பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபியைப் பகிரும் கேபிள் இணைப்புகளிலும் 4ஜி டாங்கிளிலும்கூட இது வேலை செய்யும்.

இதோடு பேக்கப்பையும் பாருங்கள். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கப்பம் கேட்கும் மென்பொருள் சேர்த்தே பூட்டிவிடும். எடுத்தவுடன் கழற்றி வைக்கும் ஒரு பிரதி, வேறு ஊரிலோ கிளவுடிலோ ஒரு பிரதி என்று இருக்க வேண்டும். வருமானவரிக் கணக்குத் தாக்கல் நெருங்கும் ஜூலையில் வாடிக்கையாளர்களின் கணக்குகள் திறக்க மறுத்தால் என்ன ஆகும் என்று ஆடிட்டர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு தாளை எடுத்து இடது பக்கம் ஊழியர்களின் பெயர்களையும், மேலே நீங்கள் பயன்படுத்தும் செயலிகளையும் எழுதுங்கள்: மின்னஞ்சல், டாலி, பில்லிங் மென்பொருள், வங்கி, ஜிஎஸ்டி தளம். யாருக்கு எது வேலைக்குத் தேவையோ அந்தக் கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். முதலாளி, மேலாளர் பெயர்களுக்கு நேராக எல்லாக் கட்டங்களிலும் குறியிடும் பழக்கத்தை விடுங்கள். அவர்கள் பாஸ்வேர்டைத்தான் திருடர்கள் அதிகம் விரும்புகிறார்கள்.

அடுத்தது ஆளுக்கு ஒரு கணக்கு. ‘ஆபீஸ்’ என்ற ஒரே யூசர் ஐடியை ஆறு பேர் பகிர்ந்துகொண்டால் எந்தப் பாதுகாப்புச் சேவையாலும் உதவ முடியாது. பிறகு மின்னஞ்சலில் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதன் பிறகு திறந்த போர்ட்களை மூடுவது, அதன் பிறகுதான் கிளவுட் சேவை. முதலில் இரண்டு மூன்று பேரை அதற்கு மாற்றி, வேலை தடைப்படாமல் நடக்கிறதா என்று பாருங்கள். எல்லோரும் மாறிய பிறகு பழைய விபிஎன்னை நிறுத்துங்கள். ‘இருக்கட்டுமே, அவசரத்துக்கு உதவும்’ என்று விட்டுவைப்பதில்தான் கலோனியல் நிறுவனம் மாட்டியது.

ஓடிபி வருகிறதே, அது போதுமா?

ஒன்றும் இல்லாததற்கு எஸ்எம்எஸ் ஓடிபி எவ்வளவோ மேல். ஆனால் போலிப் பக்கத்தில் ஊழியரே ஓடிபியைத் தட்டச்சு செய்துவிடும் வாய்ப்பு இருக்கிறது; சிம் கார்டை ஏமாற்றி மாற்றி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். போனில் ‘அனுமதிக்கவா?’ என்று கேட்கும் முறையிலும் ஆபத்து உண்டு. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்காக வேலை செய்த ஒருவருக்கு அத்தகைய கோரிக்கைகள் திரும்பத் திரும்ப வந்தன. கடைசியில் அவர் ஒன்றை ஏற்றுக்கொண்டார்; ஊடுருவல் நடந்துவிட்டது.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கணினியிலோ இருக்கும் டிஜிட்டல் சாவி) அல்லது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி இவற்றைவிட உறுதியானது. அது உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டுமே பதில் தரும். போலிப் பக்கத்தில் இயங்காது. எல்லோருக்கும் வாங்க முடியாவிட்டாலும் நிர்வாகக் கணக்கு வைத்திருப்பவருக்கும் பணம் கையாளுபவருக்கும் கட்டாயம் கொடுங்கள்.

நாங்கள் ஏற்றுமதி செய்கிறோம். வாங்குபவருக்கு எங்கள் பெயரில் வேறு வங்கிக் கணக்கு எண் போய்விட்டது. இதை கிளவுட் பாதுகாப்பு தடுக்குமா?

ஒரு பகுதியைத் தடுக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான்: மின்னஞ்சல் பாஸ்வேர்டைத் திருடியவன் உடனே எதையும் செய்வதில்லை. உள்வரும் மின்னஞ்சல்களின் பிரதி தனக்கு வரும்படி ஒரு ஃபார்வர்டிங் விதியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். இன்வாய்ஸ் போகும் நாளில், ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது’ என்று வாங்குபவருக்கு எழுதுகிறான். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும். ஆகவே மின்னஞ்சல் அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் பகுதிகளை இப்போதே திறந்து பாருங்கள். அறியாத முகவரி தெரிந்தால் நீக்கிவிட்டு, எல்லாச் சாதனங்களிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். கணக்கு எண் மாற்றம் எதுவானாலும் ஏற்கெனவே தெரிந்த எண்ணில் போன் செய்து உறுதிசெய்த பிறகே பணம் அனுப்ப வேண்டும் என்று வாங்குபவரோடு முன்பே பேசிவையுங்கள். எந்த மென்பொருளும் அந்த ஒரு போன் அழைப்புக்கு ஈடாகாது.

வெளிநாட்டிலிருந்து வரும் உள்நுழைவை முழுவதும் தடுத்துவிடலாமா?

பங்குதாரரோ உரிமையாளரின் மகனோ வளைகுடாவில் இருந்து கணக்குப் பார்ப்பது நம் மாவட்டத்தில் சர்வசாதாரணம். எனவே நாடு வாரியாக, நபர் வாரியாக விதி எழுதுங்கள்: துபாயில் இருப்பவருக்கு மட்டும் அமீரகம் அனுமதி, மற்றவர்களுக்கு இந்தியா மட்டும். ஊர் வாரியாக எழுத வேண்டாம். களியக்காவிளையில் இருப்பவரின் இணைப்பு திருவனந்தபுரம் என்றோ சென்னை என்றோ காட்டக்கூடும்.

ஊழியர்கள் சொந்த லேப்டாப்பில் வேலை செய்யலாமா?

நோயாளிகளின் விவரமோ வாடிக்கையாளர்களின் கணக்கோ கையாளப்படும் வேலைக்கு வேண்டாம். நிறுவனக் கணினி கொடுங்கள். பழைய கணினியானாலும் அதில் அப்டேட் வரும் விண்டோஸ் இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. மின்னஞ்சல் பார்ப்பது போன்ற வேலைக்குச் சொந்தக் கருவியை அனுமதிப்பதென்றால், பிரவுசர் வழியாக மட்டும், பதிவிறக்கம் இல்லாமல் அனுமதிக்கும் வசதி பல சேவைகளில் இருக்கிறது.

இதை நிறுவினால் வீட்டில் நான் பார்ப்பதையெல்லாம் முதலாளி பார்ப்பாரா?

ஊழியர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. உரிய பதில் தரவேண்டியது நிறுவனத்தின் கடமை. இத்தகைய சேவைகள் நீங்கள் திறக்கும் தளங்களின் பெயர்களைப் பதிவுசெய்ய முடியும். கணினியில் நிறுவனத்தின் டிஜிட்டல் சான்றிதழையும் நிறுவி, மறையாக்கத்தை அவிழ்த்துச் சோதிக்கும் வசதியை இயக்கினால் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் பார்க்க முடியும். வங்கி, மருத்துவம் தொடர்பான தளங்களை அதிலிருந்து விலக்கிவைக்க வழி இருக்கிறது, விலக்கத்தான் வேண்டும்.

எதைப் பதிவுசெய்கிறோம், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்போம் என்பதை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். ஊழியரின் சொந்தப் போனில் சான்றிதழ் நிறுவும் வேலையே வேண்டாம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவில் வேலையைத் தொடரும் பெண்கள் நம் நிறுவனங்களில் ஏராளம். அவர்கள் வீட்டுக்குள் ஒரு கண் நுழைந்துவிட்டது என்ற எண்ணம் வந்தால், அந்த மென்பொருளை அணைத்துவைக்கும் வழியைத்தான் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லாம் வேறு ஊர் வழியாகச் சுற்றிப் போனால் வேகம் குறையாதா?

கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி விநாடியில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். நாகர்கோவிலிலிருந்து சென்னை சாலை வழியாக ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கேபிளும் அதே தூரம் என்று வைத்துக்கொண்டால் போய்வர 7 மில்லி விநாடி. நடுவிலுள்ள கருவிகளின் தாமதத்தைச் சேர்த்தாலும் மனிதருக்குத் தெரியாது. சேவை நிறுவனத்துக்குச் சென்னையிலோ மும்பையிலோ மையம் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சிங்கப்பூர் வழியாகப் போனால் வீடியோ அழைப்பில் தெரியும்.

ஒக்கி மாதிரி ஒரு புயல் வந்தால்?

2017 நவம்பர் 30-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமும் போன் தொடர்பும் இல்லாமல் கிடந்தன. அலுவலகத்தில் இருக்கும் விபிஎன் பெட்டியை நம்பியிருந்தால், அலுவலகத்தில் மின்சாரம் போனவுடன் வீட்டில் இருப்பவர் வேலையும் நின்றுவிடும். கோப்புகளும் நுழைவுச் சோதனையும் கிளவுடில் இருந்தால், திருநெல்வேலியில் உறவினர் வீட்டுக்குப் போன ஊழியர் அங்கிருந்தே வேலையைத் தொடரலாம். டாலி அலுவலகக் கணினியிலேயே இருந்தால் இந்த நன்மை கிடைக்காது. புயல் எச்சரிக்கை வந்தவுடன் கடைசி பேக்கப்பை மாவட்டத்துக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் ரூட்டருக்கு ஒரு சிறு யுபிஎஸ், வேறு நிறுவனத்தின் சிம் கார்டு ஒன்று ஆகியவை இரண்டு பருவமழையும் பெய்யும் நம் ஊரில் எப்போதும் உதவும்.

அந்த கிளவுட் நிறுவனமே முடங்கினால்?

முடங்கும். 2025 நவம்பர் 18 அன்று இத்தகைய சேவை தரும் நிறுவனங்களில் ஒன்றான கிளவுட்ஃபிளேரின் சேவை உலகெங்கும் மணிக்கணக்கில் தடைப்பட்டது. உள்ளமைப்புக் கோப்பு ஒன்று எதிர்பாராத அளவுக்குப் பெருத்துவிட்டதுதான் காரணம். தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. இதற்குத் தயாராக, வழக்கமான உள்நுழைவைச் சாராத நிர்வாகக் கணக்கு ஒன்றை வலுவான பாஸ்வேர்டோடும் தனி பாதுகாப்புச் சாவியோடும் உருவாக்கி, பீரோவில் பூட்டிவையுங்கள். அந்த நேரத்தில் பதற்றத்தில் பழைய போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். சில மணி நேர வேலை போனால் ஈடுகட்டிவிடலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

பெரும்பாலும் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். ஏற்கெனவே கட்டும் சந்தாவில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் 300 பேர் வரை வாங்கக்கூடியது. நிபந்தனையோடு அனுமதிக்கும் வசதியும் கருவி நிர்வாகமும் அதிலேயே இருக்கின்றன. வாங்கிவிட்டு அவற்றைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள் உண்டு. கிளவுட்ஃபிளேர் 50 பயனர்கள் வரை இலவசத் திட்டம் தருகிறது. ஆனால் இலவசத் திட்டங்களில் பதிவுகள் சொற்ப காலமே கிடைக்கும். அடுத்த பதிலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, சைபர் தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. அமெரிக்க மருத்துவ பில்லிங் செய்பவர்களுக்கு நோயாளிகளின் விவரங்களைப் பாதுகாக்க 1996-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டம் ஒப்பந்தத்தின் வழியாகப் பொருந்தும். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாட்டை மாற்றுவதற்கு முன் வாடிக்கையாளரின் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது?

கடைசி நாள் மாலையிலேயே மையக் கணக்கை முடக்குங்கள். எல்லாச் செயலிகளையும் அந்தக் கணக்கோடு இணைத்திருந்தால் ஒரு சொடுக்கில் வேலை முடியும். அலுவலக வாட்ஸ்அப் குழுக்களையும் மறக்க வேண்டாம்.

தாக்குதல் நடந்தே விட்டது. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கணினியின் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். நினைவகத்தில் உள்ள தடயம் அழிந்துவிடும். ஃபார்மேட் செய்ய வரும் சர்வீஸ்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். திரையில் தெரிவதைப் போனில் படம் எடுங்கள். பாதிக்கப்படாத வேறு கணினியிலிருந்து நிர்வாகப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அந்தத் தொடக்க நேரத்தில்தான் அதிகம். வங்கிக்கும் சொல்லுங்கள். அதன் பிறகு செர்ட்-இன்னுக்கான அறிக்கை.

இந்த வரிசையையும், அழைக்க வேண்டிய எண்களையும் தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். கணினிகள் பூட்டப்பட்ட நாளில் அவற்றுக்குள் இருக்கும் கோப்பைத் திறக்க முடியாது.